தட்டைமலையும் தரிசு என்னும் பெயரும்

மலை என்றவுடன் நம் மனத்தெதிர் தோன்றுவது கூரிய முடியேயாகும். கோடு, குவடு, குடுமி, சிமயம் என மலையுச்சிக்குத் தமிழர் வழங்கிய பெயர் பலவும் மேனோக்கிக் குவிந்த வடிவினையே நினைப்பூட்டுகின்றன. சித்திரம் எழுதப் பழகும் சிறுவனும் முக்கோணம் ஒன்றை வரைந்து, 'இது மலை' என்கின்றான். ஆயின் முடியே இல்லாத மலைகளும் உலகில் உள. வாள்கொண்டு அரிந்தாற்போல உச்சி முழுதும் சமமாய், விளிம்பில் மதில்போற் செங்குத்தாய் இறங்கும் அம் மலைகளை மேசைமலை என்று மேனாட்டார் வழங்குவர். மராட்டிய நாட்டிலே சதாரா என்னும் ஊரைச் சூழ இத்தகைய மலைகள் நிரை நிரையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய காஸ் என்னும் மலைத்தளத்தின்மேல் ஏறிக் கண்டவற்றையும், அதனைப்பற்றிக் கற்றறிந்தவற்றையும் துணையாகக் கொண்டு ஒரு கருத்தினை நண்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். அத்தகைய மலையுச்சியைத் 'தரிசு' என்றும், 'வறும்பாறை' என்றும் ஏட்டில் எழுதுவது பிழை. அப் பிழை ஏட்டளவில் நில்லாமல் மலையின் உயிரையே போக்க வல்லது என்பதே அக் கருத்தாகும்.

இம் மலைகள் எவ்வாறு தோன்றின என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இற்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர், தக்காண நிலத்திலே பூமி நெடும் பிளவுகளாக வெடித்தது. நாம் படங்களிற் காணும் கூம்புவடிவான எரிமலைகள் போலன்றி, அப் பிளவுகளினின்றும் உருகிய கற்குழம்பு வெள்ளம்போற் பொங்கி நாற்றிசையும் பரந்தது. ஒரு வெள்ளம் ஆறிக் கல்லான பின்னர் அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் வேறொன்று என அடுக்கடுக்காகப் படிந்தன. அக் கல்லே பசால்ட்டு எனப்படுவது. இன்றும் அது ஏறத்தாழ 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்பினை மூடிக்கிடக்கின்றது. மேற்றிசை மலைத்தொடரை அடுத்த இடங்களில் அதன் தடிப்பு இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்படும். இராட்சதப் பல்லியினங்கள் உலகினின்றும் அழிந்த காலமும் ஏறக்குறைய இதுவே. வானினின்று வீழ்ந்த பெருங்கல்லே அவ் வழிவிற்கு முதற்காரணம் என்பாரும், இக் குழம்புப் பெருக்கிற்கும் அதில் பங்குண்டு என்பாரும் நிலநூலாருள் உளர்.

இக் கல்லடுக்கிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டிராப்' என்னும் பெயர், படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்லினின்றும் பிறந்தது. அப் பெயரின் பொருத்தத்தை அறிய வேண்டுவோர் நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. காலால் ஏறினாற் போதும். சதாராவினின்று காஸ் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் மேற்கே, கடன்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரும்பாலோர் ஊர்தியில் அமர்ந்தவாறே மேற்சென்று, ஊர்தியில் அமர்ந்தவாறே மீள்வர். நாம் நால்வரும் ஒரு புரட்டாசித் திங்களில் யவதேஷ்வர் மலைச்சரிவினை நடந்தே ஏறினோம். சிறிது தூரம் செங்குத்தான பாறை; மூச்சு வாங்கும். பின்னர்ச் சமமான திட்டை, கால் ஆறும். மீண்டும் பாறை, மீண்டும் திட்டை. ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு வெள்ளம் என்று எண்ணி ஏறுதல் தனியானதோர் இன்பம். எம்முள் ஒருவர் படிகளை எண்ணத் தொடங்கி, ஏழுக்குமேல் மழைமூட்டத்தில் எண்ணிக்கை தவறி விட்டுவிட்டார்.

அப் படிகளினூடே கூர்ந்து பார்த்துச் செல்வோர்க்கு வேறு சில செய்திகளும் புலப்படும். சில பாறைகள் புழுவரித்த மரம்போற் பொத்தல் உடையன. அவை குழம்பிலிருந்து வெளிப்படமாட்டாது சிக்கிய காற்றுக்குமிழிகளின் தடங்களாம். பிற்காலத்தே நீர் கொணர்ந்த கனிப்பொருள்கள் அவற்றுட் படிந்து, வெள்ளைப் பளிங்குகளாக விளைந்துள்ளன. சியோலைட்டு எனப்படும் அப் பளிங்குகளுக்கு மராட்டிய நாடு உலகப் புகழ் பெற்றது. இரண்டு கல்லடுக்குகட்கு இடையே சில இடங்களிற் செங்கல் நிறமானதொரு மெல்லிய மண்படை காணப்படும். நமக்குப் பாறைகளைவிட அதுவே பெரிதும் வியப்பளித்தது. என்னை? ஒரு வெள்ளம் ஆறியபின் அடுத்தது வருமுன், அத் தரை வெயிலிலும் மழையிலும் கிடந்து இளகி மண்ணாகிய காலத்தின் அடையாளம் அது. எரிமலை ஓய்ந்திருந்த காலத்தை நம் கைவிரலால் தொட்டறிய முடிகின்றது.

உச்சி தட்டையானதற்குக் காரணமும் இவ் வடுக்குகளேயாம். ஆறுகள் சுற்றுப்புறத்தை அறுத்தரித்துக்கொண்டு போக, கடினமான மேலடுக்குக் குடைபோல் நின்று தன் கீழுள்ளதைக் காத்தது. எனவே இன்று நாம் உச்சி என்று ஏறி நிற்பது ஒரு காலத்துத் தரைமட்டமேயாகும். மலை உயர்ந்ததினும் நாடு தாழ்ந்தது என்பதே பொருந்தும். காஸில் அக் குடையின்மேல் மற்றொரு மூடியும் உண்டு. நெடுங்காலப் பெருமழையினால் கல்லிலுள்ள பிற பொருள்கள் கரைந்தொழிய, இரும்பும் அலுமினியமும் மிஞ்சித் திரண்ட செந்நிறப் படை அது. நாஞ்சில் நாட்டார் அதனை வெட்டுக்கல் என்பர். புதுக்கோட்டைப் பக்கத்தார் செம்புரைக்கல் என்பர். 1800-ல் சென்னையினின்று புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் என்பார், மலையாளத்து அங்காடிப்புரத்தில் மக்கள் இக் கல்லைச் செங்கல்லைப்போல் அறுத்து வீடு கட்டக் கண்டு, 1807-ல் வெளியிட்ட தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 'லாட்டரைட்டு' எனப் பெயரிட்டார். உலகெங்கும் நிலநூலார் இன்று வழங்கும் அச் சொல் நம் தென்னாட்டு வெட்டுக்கல்லை நோக்கிப் பிறந்தது என்பது நம்மில் எத்துணைப் பேர்க்குத் தெரியும்?

மதில்சூழ்ந்த இத் தட்டையுச்சிகள் அரசர்க்கு இயற்கையரண்களாயின. சதாராவை நோக்கி நிற்கும் அஜிங்கியதாரா என்னும் கோட்டையை ஔரங்கசீபின் பெரும்படை 1699-ஆம் ஆண்டிறுதி முதல் மறுவேனில் வரை முற்றுகையிட்டது. இவை வரலாற்றாசிரியர் விரித்துரைக்க வேண்டியவை.

நிற்க. மேலே ஏறி முடித்தவுடன் காண்பது யாது? சித்திரை வைகாசியிற் செல்வோன் காண்பது கரிந்த பாறையே. நிழலுக்கு ஒரு மரமில்லை; மண்ணோ பல இடங்களில் விரற்கிடை ஆழமே. வேர் இறங்க இடமின்மையாலும், மழைக்காலத்து நீர் தேங்கி மூச்சடைப்பதாலும், அது நீங்கியபின் கொடிய வறட்சி வருவதாலும், இடையறாத காற்றினாலும் மரங்கள் ஆங்கு நிற்கமாட்டா. ஆனி மாதத்து முதன்மழை வீழ்ந்த சில நாட்களுள் அப் பாறை பச்சையாகின்றது. ஆவணி புரட்டாசியில் அது நிறம் மாறிக்கொண்டே இருக்கின்றது. இவ் வாரம் வெண்மை, அடுத்த வாரம் நீலம், அதற்கடுத்து மஞ்சள் எனச் செடியினங்கள் தம்முள் முறைவைத்துக்கொண்டாற்போலப் பூக்கின்றன. ஏறத்தாழ 10 சதுரக் கிலோமீட்டரே உள்ள இத் தளத்தில் 850-க்கும் மேற்பட்ட பூக்குஞ் செடியினங்கள் உண்டென்று கணக்கிட்டுள்ளனர். 2012-ல் ஐக்கிய நாட்டுக் கல்வி அறிவியல் பண்பாட்டுக் கழகத்தார் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோது காஸும் அவற்றுள் ஒன்றாயிற்று.

அச் செடிகளின் வாழ்க்கை நமக்குப் பெருவியப்பாயிருந்தது. பாறைமேல் இரும்புண்டு, நீர் உண்டு, தழைச்சத்தோ மிகக் குறைவு. அக் குறையை ஈடுசெய்யச் சில செடிகள் ஊன் உண்ணுகின்றன. இலையின் மயிர்நுனிதோறும் பசைத்துளி ஏந்திநிற்கும் பனித்துளிச்செடி அவற்றுள் ஒன்று. நம் நாட்டு மருத்துவர் அழுகண்ணி என்பது இவ் வினத்தைச் சேர்ந்ததே என்பர். தேனென்று கருதி வந்து ஒட்டிய கொசு மீள்வதில்லை. 'சீதையின் கண்ணீர்' என்று மராட்டியர் அருமையாகப் பெயரிட்டழைக்கும் நீலப்பூச் செடி மற்றொன்று. அதன் பூவைக் கண்டு மயங்குவோர் அதன் அடியிலுள்ள சூழ்ச்சியை அறியார். நீரூறிய மண்ணுள் அது கடுகினும் சிறிய பைகளைப் பரப்பி வைத்திருக்கின்றது. பையினுள்ளிருந்த நீரை வெளியேற்றி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். வாயிலுள்ள மயிரை நுண்ணுயிர் ஏதேனும் தீண்டின், கதவு திறந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறினும் குறைந்த காலத்தில் நீரோடு அவ்வுயிரை உறிஞ்சிக்கொள்ளும். சதாராவின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் தாங்கிய 'அபோனோகெட்டன் சதாரென்சிஸ்' என்னும் நீர்ச்செடி, பாறைக்குழியில் தேங்கிய மழைநீரில் இலைவிட்டு, கவைபோல் இரண்டாகப் பிரிந்த பூங்கதிரை நீர்மேல் உயர்த்துகின்றது. இம் மலைத்தளங்களைச் சூழ்ந்த சிறு வட்டாரத்திலன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாக விளைவதில்லை. நீர் வற்றியபின் அதன் கிழங்கு சேற்றினுள் உறங்கும்.

தமிழ் பயிலும் எமக்குக் குறிஞ்சியின் உறவினரை ஆங்குக் கண்டதும் மகிழ்ச்சி மிகுந்தது. கார்வி என்னும் அவ் வினங்கள் நம் நீலக்குறிஞ்சியைப் போலவே பல்லாண்டு பூவாதிருந்து ஒருசேரப் பூத்து மடிவன. நம் குறிஞ்சிக்குப் பன்னீராண்டு. 2006-லும் 2018-லும் அது பூத்தது. பெருங்கார்விக்கு எட்டாண்டு என்பர்.

இனி, பெயரைப்பற்றிய வழக்கிற்கு வருவோம். இந்திய அரசின் நிலவளத் துறையார் ஐதராபாத்துத் தொலையுணர்வு நிலையத்தாரோடு சேர்ந்து 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு பல பதிப்புக்களாக வெளியிட்டு வரும் பயனில்நிலப் படநூலில் 'வறும்பாறை நிலம்' என்பது ஒரு வகுப்பு. பயிர் விளையாமையும் காடு இல்லாமையும் நோக்கி இடப்பட்ட பெயர் அது. வரி வாங்கும் கண்ணுக்கு அஃது ஒருவேளை போதுமாயிருக்கலாம். ஆயின் ஓர் இடத்தை 'ஒன்றுமில்லாதது' என்று எழுதியபின், அதன்மேல் எதைச் செய்தாலும் இழப்பில்லை என்னும் எண்ணம் தானே வந்துவிடுகின்றது. கல்லெடுப்போர்க்கும், மனை பிரிப்போர்க்கும், கொங்கணத்துப் பாறைத்தளங்களைப் பிளந்து மண் நிரப்பித் தோப்பு வைப்போர்க்கும் அப் பெயரே முதல் அனுமதிச்சீட்டு.

இவ்விடத்தில் நம் முன்னோர் நிலத்தைப் பெயரிட்ட முறையை நினைவுகூர்தல் தகும். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலும் நண்பகலுமாகிய காலத்தைக் கூறினாரன்றி, ஏனைத் திணைகட்குக் கூறியதுபோல் தனி நிலம் கூறினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது பின்வந்த இளங்கோவடிகளின் கருத்துமாகும். காஸின் உச்சி சித்திரையிற் பாலை. ஆவணியில் அதற்கு நாம் என்ன பெயர் கொடுப்பது? வேனிலில் ஒருநாள் வந்து, பார்த்து, எழுதிச் சென்ற அளவையாளனைக் காட்டிலும் வறட்சியைக் காலத்தின் தன்மையாகக் கண்ட புலவன் நிலத்தை நன்கறிந்தவன் என்றே சொல்லுவோம். இவ்வாறு கூறுவது வெறும் மொழிப்பற்று எனச் சிலர் நகைக்கக்கூடும்; நகைக்க.

பெயரால் விளையும் தீங்கினுள் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதே நமக்குப் பெரிதும் அச்சந் தருகின்றது. மரம் நடுதல் அறம் என்று நம் கல்லூரிகளில் யாவரும் கற்கின்றோம். கன்றும் கடப்பாரையும் ஏந்திப் புறப்படும் மாணவர் அணிகட்கு ஊர்ப்புறத்துப் பாறைக்குன்றே முதற்கண் காட்டப்படுகின்றது. அது 'சும்மா கிடக்கின்றது' அல்லவா? தமிழ்நாட்டுக் குன்றொன்றின்மேல் பாறையைக் குழித்து, கீழிருந்து மண் சுமந்து நிரப்பி, கன்று நட்டு, நிழற்படமும் எடுத்துக்கொண்டதை நாமே கண்டோம். அடுத்த வேனிலில் அவற்றுள் ஒன்றும் உயிரோடில்லை. கன்று பட்டது சிறு இழப்பு. மழைநீர் தங்கிவந்த பாறைக்குழிகளில் அயல்மண் நிறைந்ததும், அம் மண்ணோடு வந்த களைகள் பரவியதும் அதனிற் பெரிது. நீலகிரியிலும் பழனிமலையிலும் இஃது ஏற்கெனவே பேரளவில் நிகழ்ந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, புல்வெளிகளைப் பயனற்றவை என்று கருதிச் சீகையும் கற்பூரமரமும் நட்டனர். இன்று அச் சீகையை வேரோடு களையப் பெரும்பாடு படுகின்றனர். புல்லும் பாறையும் மரமில்லாமையால் குறைபட்ட காடுகள் அல்ல. மரம் நடுவோர் வெட்டப்பட்ட காட்டின் இடத்தையும், ஊர்ச்சாலையின் ஓரத்தையும் நாடுக. நடுவதற்கு நாட்டில் இடமா இல்லை?

காற்றாலையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆரல்வாய்மொழி வழியே இரயிலிற் செல்லும்போதெல்லாம் அவ் வெள்ளைச் சிறகுகளைக் கண்டு மகிழ்ந்தவரே நாம். நிலக்கரிப் புகையினும் அது நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் சதாராவை அடுத்த சாளக்கேவாடி என்னும் தட்டைமலையில் நிகழ்ந்ததைக் கேட்போமாக. காற்றாலைகள் நிறைந்த அம் மலைத்தளத்தில், நீலமும் கருமையும் செம்மஞ்சளுமான விசிறியைத் தொண்டையில் விரித்துப் பெடையை அழைக்கும் பல்லியொன்று வாழ்கின்றது. 2016-ல்தான் அது 'சரடா சுபெர்பா' எனத் தனியினமாக விவரிக்கப்பெற்றது. 2018-ல் வெளியான மரியா தாக்கர், அம்பிகா ஜாம்ரே, ஹர்ஷல் போசலே என்பாரின் ஆராய்ச்சியில், ஆலைகள் உள்ள இடத்திற் பருந்து முதலிய வேட்டைப்பறவைகள் ஆலையில்லாத இடத்தினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன என்பதும், அதனாற் பல்லிகள் பெருகின என்பதும் தெரியவந்தன. பெருகியது நன்றுதானே என்று நினைப்போம். பெருகிய பல்லிகள் மெலிந்திருந்தன. அவற்றின் தொண்டை நிறமும் மங்கியிருந்தது. அச்சம் குறைந்து, மனிதன் மிக அணுகும்வரை ஓடாதிருந்தன. மேலே சுழலும் சிறகு கீழே ஊரும் பல்லியின் நிறத்தை மாற்றுகின்றது என்றால், அவ் விடத்தை ஒன்றுமில்லாத இடம் என எவ்வாறு எழுதுவது? ஆலைகளைப் பிடுங்குக என்று நாம் கூறவில்லை. அடுத்த ஆலைக்கு இடந்தேடுங்கால், 'வறும்பாறை' என்ற ஏட்டுச்சொல்லை நம்பாமல், ஒரு முழு ஆண்டு, மழையிலும் வெயிலிலும், அவ் விடத்தைப் பார்த்தறிந்த பின்னரே தீர்மானிக்க வேண்டும் என்கின்றோம். தெற்கே அம்போலி என்னும் மலைத்தளத்தின் புலித்தேரை 2009-ல்தான் புதிய இனமாக எழுதப்பெற்றது. முதன்மழையிற் பாறைக்குழியில் தேங்கும் ஆழமற்ற நீரில், சில நாட்களுக்குள் அது கூடி முட்டையிட்டுவிடும். அச் சில நாட்களில் ஆங்கில்லாத அளவையாளன் அதனை எங்ஙனம் காண்பான்?

இறுதியாக, நம்மைப்போல் ஏறிச்செல்வோர் செய்யும் தீங்கும் உண்டு. உலகப் புகழ் வந்தபின் காஸில் விடுமுறை நாட்களிற் கூட்டம் திருவிழாவை ஒத்தது. பூக்களின்மேல் படுத்துப் படமெடுப்போரும் இருந்தனர். மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் வெளியின் மலர்களை உற்றுநோக்கக் கற்பித்தாரே தவிர, அவற்றின்மேல் புரளக் கற்பித்தாரல்லர். கட்டணமும் ஆள்வரம்பும் முன்பதிவும் ஏற்பட்டன, அவை வேண்டியனவே. வேலியிட்டு ஆடுமாடுகளை விலக்கியது பற்றி மட்டும் நமக்கு ஐயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக அண்டையூர்க் கால்நடைகள் மேய்ந்த இடம் அது. மேய்ச்சல் நின்றபின் நெடும்புல் ஓங்கிச் சிறுசெடிகளை மூடுகின்றது என்று ஊராரும் தாவரநூலார் சிலரும் வாதித்தனர். படமெடுக்க வந்தவன் செய்த குற்றத்திற்கு மாடு தண்டனை பெறுவது எந்த நீதியோ!

அம் மலைக்குச் செல்ல விரும்பும் நண்பர்கள் புரட்டாசியையே நாட வேண்டும் என்பதில்லை. வைகாசியிற் சென்றால் கூட்டமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. விடியற்காலையில் ஏறிவிடுக, பத்து மணிக்குமேல் பாறை சுடும். அப்போது காண்பதற்குப் பூ ஒன்றும் இராது. பாறைக்குழிகளில் வெடித்துக் காய்ந்த சேறு இருக்கும். அதன்மேற் கால் வையாது சுற்றிச்செல்லுக. கிழங்குகள் அச் சேற்றினுள்தான் உள.